இரண்டு கேமராவும் அத்தையின் முகமும்

ஒருவன் ஒரு கேமரா வாங்க எத்தனை நாள் யோசிக்கலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் இவன் எப்போதோ உள்ளே போயிருப்பான். இரண்டு வருடம் நான்கு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால் அவனிடம் ஒரு கேமரா இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. அந்தக் கம்பெனியின் சிஸ்டத்துக்கு எதிர்காலம் இல்லை என்று எவனோ எங்கேயோ எழுதியதைப் படித்துவிட்டு மறுவாரமே அதை விற்றுத் தலைமுழுகினான். அன்றிலிருந்து எதிர்காலம் உள்ள சிஸ்டம் எது என்பதுதான் வீட்டில் காலை மாலை பேச்சு.

"பெரிய சென்சார்னா மங்கின வெளிச்சத்துலயும் படம் நிக்கும். பின்னணி அழகா கரையும். ஆனா லென்ஸ் கனம், பயணத்துக்கு ஆகாது. சின்ன சிஸ்டம்னா பையில அடங்கிடும், தினசரிக்கு நல்லது. ஆனா பின்னணி கரையாது" என்பான் பல் துலக்கிக்கொண்டே. சாப்பிடும்போது அதையே தலைகீழாகச் சொல்வான். இந்தத் தினசரியும் பயணமும் எங்கிருந்து வந்தன என்று மனைவிக்குப் புரியவில்லை. அவனுடைய தினசரி என்பது வீட்டிலிருந்து தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கும் அலுவலகம், அங்கிருந்து வீடு. பயணம் என்று அவன் போனது கல்யாணமான புதிதில் ஒரு தடவை.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஊரார் முகத்தோடுதான் பிழைப்பு. கண்ணுக்குக் கண் எவ்வளவு தூரம் என்று அளப்பாள், காதுக்குப் பின்னால் ஃப்ரேம் அழுத்துகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பாள், பழைய கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பச்சையாகப் படிந்திருக்கும் அழுக்கை ஊசிமுனையால் சுரண்டி எடுப்பாள். வியர்வை, எண்ணெய், முகப்பவுடர் என்று எல்லாம் கையில் ஒட்டும். ஒருநாளும் அவளுக்கு அது அருவருப்பாக இருந்ததில்லை. முகம் என்றால் அப்படித்தான் இருக்கும். அவளுக்குக் குமட்டியது வீட்டில் சுத்தமோ சுத்தமாக இருந்த அந்த ஒரு மேசைதான். தூசி ஊதும் ரப்பர் குமிழ், துடைக்கும் துணிகள் அளவுவாரியாக, வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்ட கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் கேமராவோ லென்ஸோ ஒன்றும் கிடையாது. ஆனால் பெட்டிக்குள் ஈரம் எவ்வளவு என்று தினம் பார்த்துக் குறித்து வைத்தான்.

அவளுடைய அம்மா அவர்களோடுதான் இருந்தார். பஸ் கண்டக்டராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்வாசல் படிக்கட்டில் நின்று பேசினால் பின்சீட்டுக்குக் கேட்கிற குரல். சிரிப்பு அதைவிடப் பெரிசு. மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி, சிரிக்கும்போது அது முதலில் தெரியும், அப்புறம் கன்னம் இரண்டும் கண்ணை மூடிக்கொள்ளும். கூட இருக்கிறவர்கள் எதற்கு என்று தெரியாமலே சிரித்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் கேமராப் பேச்சைக்கூட அவர்தான் சிரித்துக்கொண்டே கேட்டார். "பொண்ணு பாக்க வந்தப்ப ஒரே நாள்ல சரின்னு சொல்லிட்டுப் போனாரே இந்த மனுஷன். அப்ப மட்டும் எப்படிடி முடிஞ்சுது?" என்று மகளிடம் கேட்பார்.

அம்மாவுக்குத் தாடையில் இடது பக்கம் ஒரு வீக்கம் வந்தது. பல்வலி என்று நினைத்து ஒரு மாதம் வீணானது. பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு அறுவை சிகிச்சை டாக்டர் அம்மாவையும் மகளையும் உட்கார வைத்துப் பேசினார். பூசி மெழுகவில்லை. தாடை எலும்பில் கட்டி; காதுக்குக் கீழிருந்து முகவாய்வரை எலும்பை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு வெட்டி அங்கே வைக்க வேண்டும்.

"உயிருக்குப் பயமில்லைன்னு நம்பலாம். சாப்பிடலாம், பேசலாம். ஆனா முகம் பழைய மாதிரி இருக்காதும்மா. அந்தப் பக்கம் உள்ள போயிடும், வாய் ஒரு பக்கமா இழுக்கும்" என்றார்.

வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்து அம்மா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று மகள் பயந்தாள். அம்மா கேட்டது வேறு. "எனக்கு ஒரு நல்ல படம் வேணும்டி. முழு மொகமும் தெரியணும். சிரிச்ச மாதிரி. அதுக்கப்புறம் என் சிரிப்பு எப்படி இருந்துச்சுன்னு நானே மறந்துடுவேன்."

அப்படி ஒரு படம் வீட்டில் இல்லை. வேலைக்கான அடையாள அட்டையில் இருந்தது யாரோ ஒரு முறைப்பான பெண். கல்யாணப் படங்களில் கண் மூடியிருந்தது. போனில் எடுத்ததிலெல்லாம் "என்ன எதுக்குடி எடுக்குற" என்று நீட்டிய உள்ளங்கைதான் பெரிதாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கவலைய விடுங்க அத்தை. நான் எடுக்கறேன். ஒரு வாரம் கடல் பக்கம் போவோம். அங்க வெளிச்சம் பிரமாதமா இருக்கும்" என்றான். அவன் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. இரண்டு வருடமாகக் காரணம் இல்லாமல் தவித்தவனுக்கு அத்தையின் தாடை ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் படம் கிடைக்குமே என்று பயணத்துக்குத் துணி எடுத்து வைத்தாள்.

அவன் ஒரு கேமரா வாங்கவில்லை, இரண்டு வாங்கினான். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அந்தக் கடையில் பதினான்கு நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு ஏற்பாடு. இரண்டையும் கடலுக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தோற்றதைத் திருப்பிக் கொடுப்பது அவன் திட்டம். திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் பொருள் புதிதுபோல இருக்க வேண்டும். அதனால் திரைமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரிக்கவில்லை. வாரை மாட்டவில்லை. அட்டைப்பெட்டி, உறை, வயரைக் கட்டியிருந்த முறுக்குக் கம்பி எல்லாவற்றையும் தனிப் பையில் போட்டு அவள் தோளில் மாட்டினான். தன் கையில் வெள்ளைக் கையுறை. அம்மாவின் மருந்துப் பையை அம்மாவே தூக்கிக்கொண்டார்.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் ஆறு நாள் இருந்தார்கள். முதல் நாளே அவள் தன் போனை எடுத்து அம்மாவைப் பார்த்து நீட்டினாள். "ரெண்டு கேமரா இருக்கும்போது போன்லயா? அசிங்கமா இருக்கு, உள்ள வை" என்றான். அவள் உள்ளே வைத்தாள். அதைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துத் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆறு நாளும் போன் பைக்குள்தான் கிடந்தது.

அவன் வேலை செய்த விதம் இதுதான். கேமராவைத் தாங்கும் முக்காலியை மணலில் ஊன்றுவான். அத்தை நிற்கிற இடத்தில் கால் விரலை ஒட்டி இரண்டு கூழாங்கல் வைப்பான், நகரக் கூடாது. பெரிய கேமராவில் ஒரு படம். அதைக் கழற்றி, துடைத்து, உறையில் போட்டு, சின்னதை மாட்டி, அதே இடத்திலிருந்து அதே படம். பிறகு லென்ஸை மாற்றி மறுபடி இரண்டு. அத்தையை நடுவில் நிறுத்துவதே அபூர்வம். நடுவில் எல்லா லென்ஸும் நன்றாகத்தான் எடுக்குமாம், ஓரத்தில்தான் குட்டு வெளிப்படுமாம். அதனால் படத்தின் நான்கு மூலைக்கும் அத்தையை மாற்றி மாற்றி நிறுத்தினான். மேல் மூலைக்காக ஒரு பாறைமேல் ஏறச் சொன்னான், கீழ் மூலைக்காக மணலில் உட்காரச் சொன்னான். முட்டி வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நல்ல படத்துக்கு இவ்வளவு பாடு இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்.

"நான் என்ன கப்பலா மாப்பிள்ளை, தொடுவானத்துல நிக்க வைக்கிறீங்க?" என்று கேட்டு அம்மா சிரித்தார். பல் இடைவெளி தெரிய, கன்னம் ஏறிக் கண்ணை மூட, முழுச் சிரிப்பு. அவள் சந்தோஷத்தோடு அவனைப் பார்த்தாள். அவன் கேமராவிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அத்தை, சிரிக்காதீங்க. மொகம் அசையுது. இதுல ஒரு மாதிரி அதுல ஒரு மாதிரி இருந்தா ஒப்பிட முடியாது. அசைஞ்சா படம் கெட்டுப்போயிடும்."

"சிரிக்கற படம்தான அம்மா கேட்டாங்க?" என்றாள் அவள்.

"அது கடைசியா எடுத்துக்கலாம். முதல்ல எதுல எடுக்கறதுன்னு முடிவாகட்டும்."

இரண்டாம் நாள் அம்மா ஒரு தடவை மறந்துபோய்ச் சிரித்தார், அவன் முகம் சுளித்தான். மூன்றாம் நாள் அவர் சிரிக்கவில்லை. நான்காம் நாளிலிருந்து முக்காலியைப் பார்த்ததும் அவர் உதட்டை மூடி, மூச்சைப் பிடித்து, ஒரே இடத்தில் பார்வையைக் குத்திவைத்து நிற்கப் பழகிவிட்டார். "அத்தை இப்ப சூப்பரா நிக்கறாங்க" என்று அவன் பாராட்டினான். ஆறாம் நாள் காற்றோடு மணல் பறந்தது. லென்ஸ் பொருந்துகிற வாயில் மணல் போய்விட்டால் கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான் என்று இரண்டையும் பூட்டி வைத்துவிட்டான். கடைசியாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன படம் அதோடு போயிற்று.

"ஆயிரத்தெட்டுப் படம் இருக்கு. அதுல சிரிச்சது பத்தாவது இருக்கும். நான் எடுத்துத் தர்றேன்" என்று சொன்னான். இரண்டாம் நாள் மறந்துபோய்ச் சிரித்தது நிச்சயம் விழுந்திருக்கும் என்றான். அவள் நம்பினாள். ஊர் திரும்பிய மறுநாளே மருத்துவமனையில் சேர வேண்டியிருந்ததால் அதற்கு மேல் கேட்க நேரமும் இல்லை. மருத்துவமனைக்குப் போகும் வண்டியில் அம்மா கேட்டபோது, "கச்சா ஃபைல் அத்தை, அப்படியே பாத்தா வெளிறிப்போய் இருக்கும், நான் பக்குவம் பண்ணித் தர்றேன்" என்றான். பேச்சில் ஒரு குறையும் இல்லை.

அறுவை சிகிச்சை பதினோரு மணி நேரம் நடந்தது. பதினெட்டாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தார். டாக்டர் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை என்று தெரிந்தது. இடது கன்னம் இருந்த இடம் உள்வாங்கியிருந்தது, கீழுதடு ஒரு ஓரமாகத் தொங்கியது, எச்சிலைத் துடைக்க மடியில் எப்போதும் ஒரு துண்டு. குரல் வந்தது, ஆனால் எழுத்துகள் நழுவின. வந்த மூன்றாம் நாள் அவர் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு மகளிடம் வந்து, "அந்தப் படத்தக் காட்டு" என்றார். அவ்வளவு சொல்லவே அவருக்கு இரண்டு தடவை துண்டு தேவைப்பட்டது.

அவள் கணவனிடம் போனாள். அவன் உற்சாகமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தான். திரை முழுக்கச் சதுரங்கள். இரண்டிரண்டாக, பக்கத்தில் பக்கத்தில். ஒரு சதுரத்தில் கண்ணிமை. ஒன்றில் காதுமடலும் நான்கு நரைமுடியும். ஒன்றில் மூக்கின் ஓரம், துளைகளோடு. ஒன்றில் கன்னத்து மச்சம்.

"முழுப் படம் எங்க?"

"எந்த முழுப் படம்?"

"அம்மா படங்க."

"இதுதான அத்தை. இடது பக்கம் பெருசுல எடுத்தது, வலது பக்கம் சின்னதுல. அந்த இமையப் பாரேன், ஒவ்வொரு முடியும் தனித்தனியா நிக்குது. அதுவும் இது படத்தோட மூலை."

"முழு மொகம் இருக்கற படம் எங்கன்னு கேக்கறேன்."

அவன் உண்மையாகவே குழம்பிப்போய்ப் பார்த்தான். "அதெல்லாம் டெஸ்ட் ஷாட்தான? ஒப்பிட்டு முடிச்சதும் தேவைப்பட்ட இடத்த மட்டும் வெட்டி வச்சுக்கிட்டு மீதிய அழிச்சுட்டேன். கச்சா ஃபைல் ஒவ்வொண்ணும் எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா?"

"கார்டுல இருக்குமே. கடையில குடுத்தா மீட்டுத் தருவாங்களே."

"அந்தக் கார்டுலதான் புது கேமராவுல எடுத்தேன்."

கடலுக்குக் கொண்டுபோன இரண்டையும் வாங்கிய பன்னிரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாவதாக ஒன்று வாங்கியிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்த நாட்களில் அவன் மொட்டைமாடிக்குப் போய் எதிர்க் கட்டிடத்துச் செங்கல் சுவரைப் படமெடுத்திருக்கிறான். செங்கல் வரிசை நேராக விழுகிறதா, ஓரத்தில் வளைகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல பொருள் இல்லையாம். ஆயிரத்து நூறு படம். அம்மாவின் முகம் இருந்த இடத்தில் இப்போது செங்கல் இருந்தது.

அவள் அவன் மேசையில் கையை ஊன்றினாள். அவன் அதைக் கவனிக்காமல், அந்தச் சதுரங்களைப் போட்டுத் தான் எழுதிய ஒப்பீட்டுக்கு நல்ல வரவேற்பு என்று கேமராக்காரர்கள் கூடிப் பேசும் ஒரு குழுவைத் திறந்து காட்டினான். முன்பின் தெரியாதவர்கள் அவள் அம்மாவின் தோலைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் மஞ்சள் தூக்கல் என்றான் ஒருவன். சுருக்கமெல்லாம் அருமையாகப் பிரிகிறது, வயதானவர்களை வைத்துச் சோதிப்பதுதான் சரி என்றான் இன்னொருவன். மூன்றாவது ஒருத்தன் தாடையருகே வெட்டிய சதுரத்தைக் காட்டி, இங்கே ஒரு வீக்கம் தெரிகிறதே, லென்ஸின் கோளாறா என்று கேட்டிருந்தான். அதற்குக் கீழே அவள் கணவன் பதில் எழுதியிருந்தான்: 'இல்லை. அது அந்த ஆளின் முகம்தான். லென்ஸில் குறை எதுவும் இல்லை.'

அவள் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். எத்தனையோ பேருடைய மூக்கு அழுக்கைச் சுரண்டிய கையை, அவன் மேசையில் ஊன்றியதற்காக இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு கெட்ட எண்ணம் அவனுக்குக் கிடையாது, அது அவளுக்குத் தெரியும். கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். இவனிடம் என்னவென்று சண்டை போடுவது? இந்த மனிதனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது மூன்றாவது தடவையும் சோப்பை எடுத்தாள்.

அம்மாவிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "படம் இல்லம்மா. அழிச்சுட்டாரு" என்றாள். அம்மா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றார். அன்றிலிருந்து அவள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் அறையில் படுத்தாள். அத்தைக்குத் துணை என்று அவன் புரிந்துகொண்டான்.

ஆறாவது வாரம் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். வண்டி ஓட்டி வந்த அவனும் ரிப்போர்ட் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். டாக்டர் அம்மாவின் வாயைத் திறந்து பார்த்தார், தையலைத் தடவிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு எவ்வளவு தேறியிருக்கிறது என்று காட்டுவதற்காகக் கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். சிகிச்சைக்கு முந்தின நாள் மருத்துவமனையிலேயே எடுத்த படம் அதில் இருந்தது.

அம்மா. முழு முகம். நீலத் துணிக்கு முன்னால், முடியை வாரிப் பின்னால் கட்டி, இரண்டு கன்னமும் இரண்டு காதும் நெற்றியும் முகவாயும் எல்லாம் ஒரே இடத்தில். இப்படி ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

அவர்கள் இருவருக்கும் நடுவே அவன் தலையை நீட்டினான். "டாக்டர், இது என்ன லென்ஸ்? ஓரம்வரைக்கும் இவ்வளவு துல்லியமா இருக்கே."

"தெரியலயே. கீழ போட்டோ ரூம்ல இருக்கறது" என்றார் டாக்டர்.

"நீங்க வெளிய போங்க" என்றாள் அவள்.

"ஒரு நிமிஷம், என்ன கேமரான்னு மட்டும் பாத்துட்டு..."

"வெளிய போங்க." குரலை உயர்த்தவில்லை. அவன் டாக்டரைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், ரிப்போர்ட் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். கதவு சாத்திக்கொண்டது.

"இந்தப் படத்துல எங்களுக்கு ஒண்ணு கிடைக்குமா டாக்டர்? அம்மா சிரிச்ச மாதிரி ஏதாவது இருந்தா பாருங்களேன்" என்று அவள் கேட்டாள்.

"இருக்குமே. சிரிக்க வச்சு ஒண்ணு கட்டாயம் எடுப்போம். மொக நரம்பு எப்படி வேலை செஞ்சுதுன்னு எங்களுக்கே அது வேணும்." டாக்டர் தேடினார். இடது பக்கம், வலது பக்கம், வாய் திறந்தது என்று ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் படத்தில் நிறுத்தினார். கீழே 'சிரிப்பு' என்று எழுதியிருந்தது. மேலே அம்மா உதட்டை இறுக்கி மூடி, மூச்சைப் பிடித்து, ஒரே இடத்தில் பார்வையைக் குத்திவைத்திருந்தார்.

டாக்டர் முன்னால் ஒருமுறை பின்னால் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். "மாத்திப் போட்டுட்டாங்களா? சிரிக்கச் சொல்லலியாம்மா உங்கள?"

அம்மா துண்டை எடுத்து வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நழுவுகிற எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துச் சொன்னார்.

"படம் எடுத்தவரு சொன்னாரு, டாக்டர். மூணு தடவ சொன்னாரு. அசைஞ்சா படம் கெட்டுப்போயிடும்னு நாந்தான் சிரிக்கல."